வாழவந்தியில் ஜெயிச்ச அன்னிக்கு

கிருஷ்ணம்மாள்: ...இடி இல்லீங்க, வெடி. நம்மூரு பசங்க புட்பால்ல ஜெயிச்சுட்டாங்களாம்.

காளியண்ணன்: தெரியும்.

கிருஷ்ணம்மாள்: எப்புடித் தெரியும்? இப்பத்தான வண்டிய நிறுத்துனீங்க?

காளியண்ணன்: தோத்துட்டு வந்தா சரவெடி வெப்பாங்களா புள்ள? எனக்கும் காது கேக்குதில்ல.

கிருஷ்ணம்மாள்: கேட்டுமா இப்புடி உக்காந்திருக்கறீங்க?

காளியண்ணன்: எப்புடி?

கிருஷ்ணம்மாள்: எழவூட்டுல உக்காந்த மாதிரி. வாழவந்திக்குப் போயி அவங்க கிரவுண்டுலயே அவங்கள ஜெயிச்சு எட்டு வருசம் ஆச்சுன்னு தெனமும் பொலம்புவீங்க. ஜெயிச்சா பஸ் ஸ்டாப்புல இருந்து ஊடு வரைக்கும் குட்டிக்கரணம் போட்டு வரேன்னீங்க...

காளியண்ணன்: முட்டி வலிக்குது.

கிருஷ்ணம்மாள்: டீயும் குடிக்கல. ஆடை கட்டிப் போச்சு. சூடு பண்ணித் தரட்டுங்களா?

காளியண்ணன்: வேண்டாம்.

கிருஷ்ணம்மாள்: அந்த ரெயின் கோட்டயாச்சும் கழட்டுங்க. ஊடெல்லாம் சொட்டுது. ஏற்காட்டுல மழையா?

காளியண்ணன்: தூத்தல்.

கிருஷ்ணம்மாள்: பிரேக் ஒயரு மாத்திட்டீங்களா?

காளியண்ணன்: மாத்தல. கடை சாத்தியிருக்குது. ஞாயித்துக்கெழம...

கிருஷ்ணம்மாள்: ஞாயித்துக்கெழமைன்னு பொறப்படறப்பத் தெரியாதா?

காளியண்ணன்: இப்ப எதுக்குப் போலீசு மாதிரி கேட்டுக்கிட்டே இருக்கற? நீ மட்டும் அந்தப் போன எதுக்கு இறுக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கற?

கிருஷ்ணம்மாள்: நானா... சும்மாதான். அமுதா கூப்புடறேன்னா. மகளிர் குழுக் கூட்டத்தப் பத்தி.

காளியண்ணன்: நான் வந்ததுல இருந்து ஆறு வாட்டி எடுத்துப் பாத்துட்ட.

கிருஷ்ணம்மாள்: டவர் கெடைக்குதான்னு பாத்தேன்.

காளியண்ணன்: கெடைக்குதா?

கிருஷ்ணம்மாள்: ரெண்டு கோடு காட்டுது... ஏனுங்க...

காளியண்ணன்: என்ன?

கிருஷ்ணம்மாள்: இல்ல... மேட்ச் எத்தன மணிக்கு முடிஞ்சிருக்கும்?

காளியண்ணன்: நாலே முக்காலு... இருக்கும்னு நெனைக்கறேன்.

கிருஷ்ணம்மாள்: இப்ப ஆறு மணி. எல்லாரும் அவங்கவங்க ஊட்டுக்குப் போயிருப்பாங்கல்ல?

காளியண்ணன்: யாரு எல்லாரும்?

கிருஷ்ணம்மாள்: எல்லாருந்தான். ரெண்டு ஊருப் பசங்களும்.

காளியண்ணன்: ...போயிருப்பாங்க.

கிருஷ்ணம்மாள்: நல்லபடியாப் போயிருப்பாங்கல்ல?

காளியண்ணன்: அதான் சொன்னேன்ல!

கிருஷ்ணம்மாள்: எதுக்குங்க கத்தறீங்க... இன்னிக்கு வாழவந்திக் கோல்ல நம்ம யுவராஜுதான் நின்னிருப்பான்.

காளியண்ணன்: அவன் பேர இந்த ஊட்டுல எடுக்காதேன்னு எத்தன வாட்டி சொல்றது?

கிருஷ்ணம்மாள்: நீங்க சொல்லிட்டா? பெத்தவளுக்கு மறந்து போயிருமா?

காளியண்ணன்: நான் என்ன பாவம் பண்ணேன், சொல்லு. வாழவந்தி மரியதாஸ் மகளக் கட்டிக்கறேன்னான். கட்டிக்கன்னேன். சர்ச்சுல வெச்சுத்தான் கலியாணம்னாங்க. ஒரு வார்த்த மறுத்துப் பேசினனா?

கிருஷ்ணம்மாள்: பேசலீங்க. பந்தியில உக்காந்து ரெண்டு வாட்டி பிரியாணி கேட்டு வாங்குனீங்க.

காளியண்ணன்: வாங்குனேன்! நல்லா இருந்துச்சு, வாங்குனேன். மாமனாரு மொளகுத் தோட்டத்தப் பாத்துக்கிட்டு அங்கயே இருக்கறேன்னான். இருன்னேன். ஆனா போயி மூணே மாசத்துல அந்தப் பச்சப் பனியன மாட்டிக்கிட்டு வாழவந்திக்குக் கோலு நின்னான் பாரு...

கிருஷ்ணம்மாள்: ஒரு பனியனுக்காக ஒன்றர வருசம் பெத்த மகன்கூடப் பேசாத ஆளு இந்த மலையிலயே நீங்க ஒருத்தருதான்.

காளியண்ணன்: உனக்கு அது பனியன். பதினோரு வயசுல நாகலூர் கிரவுண்டுல நான் கொண்டு போயி நிறுத்துன பய. எஸ்டேட் வேல முடிஞ்சு வந்து, இருட்டுக் கட்டற வரைக்கும் ஒவ்வொரு பந்தா நான் எறிஞ்சு...

கிருஷ்ணம்மாள்: இருக்கற ஊருக்குத்தானுங்க வெளையாடுவான். வாழவந்தில இருந்துக்கிட்டு நாகலூருக்கு நின்னா அவன அங்க சோறு திங்க உடுவாங்களா?

காளியண்ணன்: ...அது எனக்கும் தெரியும். உடு.

அன்பழகன்: அண்ணா! காளியண்ணா! ஊட்டுல இருக்கீங்களா?

கிருஷ்ணம்மாள்: அன்பழகன் வராருங்க. மூஞ்சியத் தொடச்சுக்கங்க.

காளியண்ணன்: என் மூஞ்சிக்கு என்ன?

கிருஷ்ணம்மாள்: தொடச்சுக்கங்கன்னா தொடச்சுக்கங்களேன். டீம் செகரட்டரி வராரு. ஊரே ஆடிக்கிட்டிருக்குது...

அன்பழகன்: வாயத் தொறங்கண்ணா. ஒன்னும் பேசக்கூடாது. மொதல்ல லட்டு. அக்கா, நீங்களும் எடுத்துக்கங்க. ரெண்டுக்கு ஒன்னு! அவங்க கிரவுண்டுல, அவங்க ரெண்டாயிரம் பேரு ஊதற ஊதலுக்கு நடுவுல... எட்டு வருசண்ணா!

காளியண்ணன்: ம்.

அன்பழகன்: என்ன 'ம்'? நானே வரப்ப எஸ்டேட் பிக்கப்புல ஆடிக்கிட்டே ஓட்டிட்டு வந்தேன். நீங்க 'ம்'ங்கறீங்க?

கிருஷ்ணம்மாள்: அவருக்கு ஒடம்பு சரியில்ல தம்பி. மழையில நனஞ்சுட்டாரு.

அன்பழகன்: ஒடம்பெல்லாம் இப்பச் சரியாயிரும். எந்திரிங்க. கப்பு கீழ பிக்கப்புல இருக்குது. காளியண்ணன் கையிலதான் மொதல்ல குடுக்கணும்னு பசங்க ஒத்தக் கால்ல நிக்கறாங்க. இருவது வருசத்துல நீங்க வராத மொத மேட்ச் இது.

காளியண்ணன்: வேற யாருக்காச்சும் குடுங்க அன்பு.

அன்பழகன்: வேற யாருக்குண்ணா? நாகலூர் டீமுன்னா நீங்கதான... மகன் எதிர்ப் பக்கம் நிக்கறான், நான் வந்து பாக்க மாட்டேன்னு நீங்க சொன்னப்பவே பசங்க அழுகாத கொற. சரி, மேட்ச்ச சொல்லறேன், கேளுங்க. மொதல்ல அவங்கதான் கோல் போட்டாங்க...

கிருஷ்ணம்மாள்: பொறவு?

அன்பழகன்: இடைவேள முடிஞ்சு நம்ம சத்யராஜ் ஒன்னு திருப்புனான். ஒன்னுக்கு ஒன்னு. பனி எறங்கிருச்சு. அந்தப் பக்கத்துக் கோல் இந்தப் பக்கம் நின்னாத் தெரியல. கடைசி நிமிசம்... அவங்க பய ஒருத்தன் கோலு கிட்ட வெச்சு கையில பந்தத் தட்டிட்டான். பெனால்டி!

கிருஷ்ணம்மாள்: பொறவு என்னாச்சு தம்பி?

அன்பழகன்: சத்யராஜ் பந்த வெச்சான். நான் கண்ண மூடிக்கிட்டேன். பட்டுன்னு ஒரு சத்தம். தொறந்து பாக்கறேன்... உள்ள!

கிருஷ்ணம்மாள்: கீப்பரு?

அன்பழகன்: யாருங்கக்கா?

கிருஷ்ணம்மாள்: கோலுக்கு நின்னவனக் கேக்கறேன்.

அன்பழகன்: அவன்... உழுந்தான். லேட்டாத்தான் உழுந்தான். அதெல்லாம் இப்ப எதுக்குங்கக்கா? அண்ணா, நீங்க வாங்க...

கிருஷ்ணம்மாள்: உழுந்தவன் எந்திரிச்சானா?

அன்பழகன்: ...அக்கா, அது வந்து... வெளையாட்டுன்னா நாலு அடி படும். சின்ன அடிதான். ஜீப்புல ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நீங்க பயப்படாதீங்க.

காளியண்ணன்: நெத்தியில எத்தன தையலு?

அன்பழகன்: அஞ்சாறுன்னு பேசிக்கிட்டாங்க... நெத்தின்னு உங்களுக்கு யாருண்ணா சொன்னா?

காளியண்ணன்: போஸ்டுல மோதுனா நெத்தியிலதான படும்.

அன்பழகன்: போஸ்டுல மோதுனான்னு நான் இன்னும் சொல்லவே இல்லீங்களே.

காளியண்ணன்: ...வழியில ரெண்டு பேரு பேசிக்கிட்டுப் போனாங்க.

கிருஷ்ணம்மாள்: அப்ப தெரியும். தெரிஞ்சுக்கிட்டே இந்நேரம் வரைக்கும் பிரேக் ஒயரு, தூத்தலுன்னு எங்கிட்ட...

காளியண்ணன்: நீ பதறுவேன்னுதான் புள்ள...

கிருஷ்ணம்மாள்: நான் அஞ்சு மணில இருந்து பதறிக்கிட்டுத்தான் நிக்கறேன்! ஜெஸ்லின் போன் பண்ணுச்சு. 'அத்த, அவருக்கு அடிபட்டுருச்சு, சட்டையெல்லாம் ரத்தம், ஜீப்புல போயிக்கிட்டிருக்கோம்'னு சொல்லறப்பவே கட் ஆயிருச்சு. அதுக்கப்புறம் எத்தன வாட்டி அடிச்சாலும் சுவிட்ச் ஆப்புன்னே வருது.

காளியண்ணன்: ஜெஸ்லின் உனக்கு எதுக்குப் போன் பண்ணுது?

கிருஷ்ணம்மாள்: பண்ணும். தெனமும் பண்ணும். ஞாயித்துக்கெழம குழுக் கூட்டம்னு போறேனே, அந்தக் கூட்டமெல்லாம் வாழவந்திலதான் நடக்குது. என்ன இப்ப? வையறதுன்னா வைங்க. அந்தப் புள்ளைக்கு ஏழு மாசம்.

காளியண்ணன்: ...தெரியும்.

கிருஷ்ணம்மாள்: என்ன தெரியும்?

காளியண்ணன்: ஏழு மாசம்னு தெரியும். நாகலூர் பஸ்ஸுல ஏறுனா எந்தச் சேதிதான் தெரியாது? நீ முறுக்குச் சுட்டு டப்பாவுல எடுத்துக்கிட்டுப் போறதும் தெரியும். உன் வாயால வரட்டும்னு இருந்தேன்.

கிருஷ்ணம்மாள்: நல்ல மனுசனுங்க நீங்க... நொம்ப நல்ல மனுசன்.

அன்பழகன்: அக்கா, அழுகாதீங்க. நான் வேற லட்டத் தூக்கிக்கிட்டு வந்து... அடிபட்டது எனக்கும் சங்கடந்தான். நம்ம பயதான. ஆனா ஒன்னு சொல்லறேன், கோவிச்சுக்கக் கூடாது.

காளியண்ணன்: என்ன?

அன்பழகன்: வாழவந்திக்காரங்க கிரவுண்டுலயே ஆரம்பிச்சுட்டாங்க. சொந்த ஊருக்காகப் பய வேணும்னே உட்டுக் குடுத்துட்டான், காசு வாங்கல, பாசத்துல பண்ணிட்டான்னு. ஒருத்தன் அவன் மாமனாரு சட்டையவே புடிச்சுட்டான். நமக்குள்ள இருக்கட்டும்... எனக்கும் அப்புடித்தான் தோணுச்சுங்கண்ணா. அவ்வளவு நல்ல கீப்பரு, மரம் மாதிரி நின்னுட்டான். என்ன இருந்தாலும் நாகலூர் ரத்தம்...

காளியண்ணன்: அன்பு!

அன்பழகன்: ஐயோ, பெருமையாத்தான் சொன்னேன்...

காளியண்ணன்: அவன் உட்டுக் குடுக்கற பய இல்ல. நான் நாகலூர்க்காரன், நான் சொல்லறேன். எந்தப் பனியனப் போட்டாலும் அந்தப் பனியனுக்கு நாயமாத்தான் நிப்பான். இன்னொரு வாட்டி அந்தப் பேச்சு வந்துச்சுன்னா...

கிருஷ்ணம்மாள்: ஏனுங்க, உக்காருங்க. அவரு என்ன தப்பாச் சொல்லிட்டாரு, ஊருல பேசறதச் சொன்னாரு... ஆனா தம்பி, அப்புடிப் பேசுனா அவன் இனிமேல் அந்த ஊருல எப்புடித் தல காட்டுவான்? மாசமா இருக்கற புள்ளய வெச்சுக்கிட்டு...

அன்பழகன்: ரெண்டு நாளு பேசுவாங்க, பொறவு மறந்துருவாங்கக்கா.

காளியண்ணன்: வாழவந்தில மறப்பாங்களா? எட்டு வருசமா நாம மறந்தமா?

அன்பழகன்: ...சரி, பிக்கப்பு நிக்குது. கப்பு கெடக்குது உடுங்க. ரெண்டு பேரும் ஏறுங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துரலாம்.

கிருஷ்ணம்மாள்: இருங்க தம்பி, ஸ்வெட்டர எடுத்துக்கறேன். ஏனுங்க, பொறப்படுங்க.

காளியண்ணன்: நீ போயிட்டு வா. நான் வரல.

கிருஷ்ணம்மாள்: என்னது?

காளியண்ணன்: என்னால அவன் மூஞ்சியப் பாக்க முடியாது புள்ள.

கிருஷ்ணம்மாள்: மண்ட ஒடஞ்சு கெடக்கறான், இன்னும் உங்களுக்குப் பனியனா?

காளியண்ணன்: பனியன் இல்ல...

கிருஷ்ணம்மாள்: பின்ன வேற என்ன? சொல்லுங்க! வேற என்னதான்...

அன்பழகன்: அக்கா, போன்! போன் அடிக்குது பாருங்க!

கிருஷ்ணம்மாள்: ஹலோ... ஹலோ... யாருங்க? ஜெஸ்லினா? சொல்லு கண்ணு... இது யாரு போனு? நர்ஸம்மா போனா? சரி, சரி... எப்புடி இருக்கறான்? ...முழிச்சுக்கிட்டானா! மாரியாத்தா... பேசறானா?

காளியண்ணன்: என்னவாம்? முழிச்சுக்கிட்டானாமா?

கிருஷ்ணம்மாள்: சித்த இருங்க... நீ சொல்லு சாமி. ஆறு தையலா... வாந்தி எடுத்தானா? இல்லயா, நல்லது... பேரு கேட்டாங்களா, சொன்னானா... கெழமையும் சரியாச் சொன்னானா... பின்ன எதுக்கு அழுகற? ...என்னது? ...சேலத்துக்கா? இப்பவா?

காளியண்ணன்: சேலமா? எதுக்குச் சேலம்?

கிருஷ்ணம்மாள்: ஆம்புலன்ஸ் வந்துருச்சா... இந்தப் பனியில எப்புடிக் கண்ணு மலை எறங்குவீங்க, உனக்கு வேற இந்த நெலம... என்ன சொல்லறான்? என்னனு ஒளறறான்? ...ஐயோ... ஐயோ சாமி...

அன்பழகன்: அக்கா, என்னனு எங்களுக்கும் சொல்லுங்க!

கிருஷ்ணம்மாள்: லைன்லயே இரு கண்ணு, வெச்சுராத... தம்பி, எல்லாம் சரியாத்தான் பேசறானாம். மேட்ச்ல யாரு ஜெயிச்சாங்கன்னு கேட்டதுக்கு நாகலூருன்னு சொல்லிட்டானாம். ஆனா ஒன்னே ஒன்னு மட்டும் தாறுமாறாச் சொல்லறானாம்.

அன்பழகன்: என்னன்னு?

கிருஷ்ணம்மாள்: 'எங்கப்பா எங்க, கோலுக்குப் பின்னாடி நின்னாரே, அவரக் கூப்புடு'ங்கறானாம். திரும்பத் திரும்ப அதயேதான் சொல்லறானாம். 'என்னய சாமின்னு கூப்புட்டாரு, நான் கேட்டேன்'ங்கறானாம்.

அன்பழகன்: அண்ணன்தான் கிரவுண்டுப் பக்கமே வரலயே...

கிருஷ்ணம்மாள்: அதத்தான் இந்தப் புள்ளயும் டாக்டருகிட்டச் சொல்லியிருக்குது. ஒன்றர வருசமா ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்த இல்ல, அவங்கப்பா வரவே இல்லன்னு. கூட இருந்த பசங்களும் அவரு வரலன்னு சொல்லிட்டாங்களாம். அப்புடின்னா நடக்காதத நடந்ததாச் சொல்லறான், மூளையில அடிபட்டிருக்கும், உடனே சேலத்துக்குக் கொண்டு போங்கன்னு டாக்டரு எழுதிக் குடுத்துட்டாராம்... எம்புள்ளைக்கு மூள கலங்கிப் போச்சுங்களே!

அன்பழகன்: பதறாதீங்கக்கா. அதிர்ச்சியில அப்புடிப் பேசுவாங்க. அப்பா ஞாபகம் வந்திருக்கும், பாவம்... அண்ணா? என்னண்ணா, எந்திரிச்சுட்டீங்க?

காளியண்ணன்: போனக் குடு.

கிருஷ்ணம்மாள்: வேண்டாமுங்க. அந்தப் புள்ளய வையாதீங்க, பயந்து போயிக் கெடக்குது...

காளியண்ணன்: வையல. குடு புள்ள.

அன்பழகன்: குடுங்கக்கா. அவரு கொரலக் கேட்டா அந்தப் புள்ளைக்கும் ஒரு தைரியம் வரும்.

காளியண்ணன்: அன்பு, நீயும் போயிராத. இங்கயே நின்னு கேளு. கேட்டுட்டு அந்தக் கப்ப யாருகிட்ட வேணும்னாலும் குடுத்துக்க.

அன்பழகன்: என்னண்ணா சொல்லறீங்க?

காளியண்ணன்: ஜெஸ்லின் கண்ணு... நான் யுவராஜோட அப்பன் பேசறேன். அழுகாத சாமி, இந்த நேரத்துல அழுகக் கூடாது. டாக்டரு பக்கத்துல இருக்காரா? அவருகிட்டச் சொல்லு... சேலத்துல ஸ்கேன் எடுக்கணும்னா எடுக்கட்டும், நானும் கூட வரேன். ஆனா உன் ஊட்டுக்காரன் ஒளறல. கோலுக்குப் பின்னால நின்னது நாந்தான்... ஆமா கண்ணு, நாந்தான். ரெயின் கோட்டு, மங்கி கேப்புன்னு மூஞ்சிய மூடிக்கிட்டு மேட்ச் பூராவும் அவன் முதுகுக்குப் பின்னாலயேதான் நின்னேன். ஜீப்புக்குப் பின்னாலயே ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் வண்டியில வந்தேன், உள்ள வரத்தான் காலு வரல. உங்க ஊருக்காரங்க அங்க இருந்தா அவங்ககிட்டயும் சொல்லிரு, எம்மகன் ஒன்னும் உட்டுக் குடுக்கல. சத்யராஜ் போன வருசம் வந்த பய, பெனால்டின்னா கீப்பருக்கு எடப்பக்கந்தான் அடிப்பான். அது யுவராஜுக்குத் தெரியாது. தெனமும் பிராக்டிஸ் பாக்கற எனக்குத் தெரியும். வாயக் கட்டிக்கிட்டு நின்னுரலாம்னுதான் பாத்தேன், முடியல... 'எடப்பக்கம் உழுடா சாமி'ன்னு கத்திட்டேன். பந்தத் தவிர வேறெதயும் பாக்காதேன்னு பதினோரு வயசுல இருந்து சொல்லிக் குடுத்தவனே நாந்தான் கண்ணு... அவன் பந்த உட்டுட்டு, திரும்பி என்னயப் பாத்தான்.